சண்டை போடத் தெரியாதவர்கள்

ஐஸ் பாக்டரி லாரி டிரைவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவோ, ஊர் வைத்த பெயர் ஹாரன். ரகசியம் சொல்ல வந்தாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அவன் மனைவிக்கும் தொண்டையில் குறைச்சல் இல்லை. கல்யாணமாகி இருபது வருஷம். இருவரும் சண்டை போடாமல் ஒரு நாள் போனால், யாருக்கோ காய்ச்சல் என்று அக்கம்பக்கத்தில் கஷாயம் கொண்டு வருவார்கள்.

லாரிக்கு வருமுன் பதினோரு வருஷம் ஹாரன் ஒரு நீதிபதி வீட்டில் கார் ஓட்டினான். நீதிபதியும் அவர் மனைவியும் பின் சீட்டில் பேசிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு அவனுக்கே வாய் கொஞ்சம் சுத்தமானது.

"ஜன்னலை ஏத்தட்டுமா, குளிருதா?"

"உங்களுக்கு வேர்க்குமே, வேண்டாம்."

அவர்களுக்குள் நடந்த பெரிய தகராறே அவ்வளவுதான். அம்மா காரை விட்டு இறங்கும்போது நீதிபதி உள்ளங்கையை மேலே பார்த்து நீட்டுவார். அம்மா அதில் நாலு விரலை வைத்து இறங்குவார். பூவை எடுத்துக் கீழே வைப்பது போல இருக்கும்.

"வாழ்ந்தா அப்படி வாழணும்டி" என்று ஹாரன் வீட்டில் போய்ச் சொல்வான்.

"முதல்ல கார் வாங்குய்யா. அப்புறம் கையை நீட்டு" என்பாள் மனைவி.

போர் வந்து ஊர் விழுந்தது. வந்த படை முதலில் காரை எடுத்துக்கொண்டது, பிறகு வீட்டை. புதிய அதிகாரத்தின் கோர்ட்டில் உட்கார மாட்டேன் என்று நீதிபதி சொன்ன மறுநாள் அவர் பெயர் பட்டியலில் ஏறியது. அந்தப் பட்டியலில் ஏறிய ஒருவரும் இதுவரை வீடு திரும்பவில்லை.

ஐஸ் லாரி தினமும் பாலம் தாண்டி அக்கரையில் இருக்கும் படை ஆஸ்பத்திரிக்குப் போகும். படை கொடுத்த பாஸில் நாலு பேர்: டிரைவர், ஐஸ் கரையாமல் மூடும் மரத்தூளை அள்ளும் அவன் மனைவி, ஐஸ் தூக்கும் ஆள், அவன் மனைவி. தூக்குகிற தம்பதி போன வாரம் ஊரை விட்டு ஓடிப்போயிருந்தார்கள். பாஸில் படம் கிடையாது; தூக்குகிற ஆட்கள் அடிக்கடி மாறுவதால் சாவடியில் அவர்கள் முகத்தைப் பார்ப்பதும் இல்லை. மூன்றாம் நாள் அக்கரையில் ஒரு மீன்காரன் படகோடு மதியம் வரை நிற்கிறேன் என்று சொல்லியிருந்தான். தூக்குகிற தம்பதியாக நீதிபதியையும் அம்மாவையும் ஏற்றிப்போவதைத் தவிர ஹாரனுக்கு வேறு யோசனை தோன்றவில்லை.

மரத்தூள் கொட்டகையில் இரண்டு நாள் பாடம் நடந்தது. நீதிபதி ஐஸ் கொக்கியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டார். கை கொப்பளித்தது, வெடித்தது, அதுவும் நல்லதாய்ப் போயிற்று. பீடி பிடித்து இருமினார். அம்மா சேலையைத் தூக்கிச் செருகினார். எல்லாம் வந்தது, ஒன்றைத் தவிர.

"அம்மா, ஐயாவை ஒரு திட்டு திட்டுங்க பாப்போம்" என்றாள் ஹாரன் மனைவி.

"எதுக்கும்மா திட்டணும்?"

"அதுக்குக் காரணம் வேற வேணுமா! புருஷனா நிக்கிறாரே, பத்தாது?"

அம்மா வாயைத் திறந்தார், மூடினார். "வரலியே" என்றார்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு லாரி பாலத்தடியில் நின்றது. அங்கே எல்லோரும் கீழே இறங்கியே ஆக வேண்டும். சாவடி சார்ஜெண்டுக்கு ஹாரன் தம்பதியின் சண்டை தினசரிப் பொழுதுபோக்கு. பாஸை வாங்கிக்கொண்டே, "இன்னைக்கு என்ன தகராறு?" என்று சிரித்தான்.

அந்த நேரம் பார்த்து அம்மா ஈரப் பலகையில் கால் வைத்தார். முன்பே கீழே இறங்கி நின்ற நீதிபதி உள்ளங்கையை மேலே பார்த்து நீட்டினார். அம்மா நாலு விரலை வைத்து இறங்கினார்.

சார்ஜெண்ட் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

"நீ யாரு?"

"ஐஸ் தூக்குறவன்."

"கல்யாணமாகி எத்தனை வருஷம்?"

"முப்பது."

"முப்பது வருஷமா இப்படித்தான் கையைப் பிடிச்சு இறக்குறியா?"

நீதிபதி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். லாரியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஹாரன் மனைவி புருஷன் பக்கம் திரும்பிப் பேச்சை மாற்றப் பார்த்தாள். "யோவ், எருமை, பாஸை வாங்கிட்டுக் கிளம்புவியா, மசமசன்னு நிப்பியா!" சார்ஜெண்ட் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. சாவடிக்குள் இருந்த சிப்பாயைப் பார்த்துப் பட்டியலைக் கொண்டுவரச் சொல்லிக் கை காட்டினான்.

"கை பிடிப்பாரு" என்றார் அம்மா.

குரல் தாழ்ந்துதான் வந்தது. பிறகு ஏறியது.

"நாலு பேரு பாக்குறாங்கன்னா பிடிப்பாரு! பெத்த பொண்ணு செத்துக் கிடக்குறா, செருப்பைத் தொடச்சுப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போன மனுஷன் இது. நான் சுவத்துல தலையை முட்டிக்கிட்டுக் கெடந்தேன். ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. கல்லு! கல்லோட குடும்பம் நடத்தினேன் நான்!"

நடிப்பென்று ஹாரன் அரை நொடி சந்தோஷப்பட்டான். அப்புறம் உறைத்தது. பொண்ணு செத்தது நிஜம். அன்றைக்கு வண்டி ஓட்டியதும் அவன்தான். நீதிபதி வெளுத்துப்போய் நின்றார். திருப்பிக் கத்த வேண்டிய இடம். அவரோ யாரிடமோ மன்னிப்புக் கேட்கப் போகிறவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார். சிப்பாய் பட்டியலோடு வெளியே வந்தான்.

"நிறுத்தும்மா!" என்று கத்தினான் ஹாரன். "இந்த ஆளு அழலியா? வேலைக்கு எங்கே போனான்? வாய்க்கால் ஓரத்துல வண்டியை நிறுத்தச் சொல்லி, புல்லுல உருண்டு அழுதான். சாயங்காலம் வரைக்கும் அழுதான். நான்தானே முகம் கழுவிவிட்டுக் கூட்டியாந்தேன்! உனக்குத் தெரிஞ்சா நீ உடைஞ்சு போயிடுவன்னு, யார்கிட்டயும் சொல்லாதேன்னு என் கையைப் பிடிச்சான்."

அஞ்சு வருஷம் அவன் மூடி வைத்த ஒரே விஷயம் அது. அவன் மனைவிக்கே தெரியாது. அவள் வாயைப் பிளந்து பார்த்தாள்.

நீதிபதி பாய்ந்தார். ஹாரன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். பொத்தான் தெறித்தது.

"சத்தியம் பண்ணியேடா பாவி! சத்தியம் பண்ணியே!"

"என்கிட்ட ஏன்யா மறைச்சே?" அம்மா அவர் முதுகில் குத்தினார். "அஞ்சு வருஷம் நான் மட்டும்தான் அழறேன்னு நினைச்சேனே, சொன்னா என்ன? சொன்னா என்னய்யா?"

சார்ஜெண்ட் ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தான். பட்டியலை வாங்கிக் கக்கத்தில் செருகிக்கொண்டான். "குடும்பம் நடத்துறதை வீட்டுல வச்சுக்கோங்கடா. ஐஸ் கரையுது, ஏறுங்க" என்று தடுப்புக் கட்டையைத் தூக்கச் சொன்னான்.

பாலத்தின் பாதி தாண்டும்வரை ஹாரன் சாவடிப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் இருந்த சிறு ஜன்னல் வழியாக மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னடி பண்றாங்க?"

"சண்டைய்யா."

"இன்னுமா?"

"இப்பத்தான் ஆரம்பிச்சிருக்காங்க. ஐயா கத்துறாரு பாரு, உன்னை மிஞ்சிடுவாரு."

ஆஸ்பத்திரிக்கு முந்தின வளைவில் லாரி நின்றது. நீதிபதியும் அம்மாவும் மரத்தூளும் ஈரமுமாகக் குதித்து இறங்கினார்கள், ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு. பொண்ணின் காய்ச்சலுக்கு எந்த டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்பதில் வந்து நின்றிருந்தது சண்டை. ஹாரனிடம் விடைபெறக்கூட மறந்து ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார்கள்.

"ஐயா, மெதுவாய்யா, மெதுவா" என்று ஹாரன் தொண்டையை அடக்கிக் கெஞ்சினான். கோர்ட்டில் பேசுகிற சுத்தமான பேச்சு காற்றில் எவ்வளவு தூரம் போகும் என்று அவனுக்குத் தெரியும்.

படகு நாணலைத் தாண்டி மறையும்வரை அவன் லாரியை எடுக்கவில்லை.