மாவுக்கட்டுக்குள் கரைந்த தொடை

செல்வி, குமரன், அப்பா எழுதுகிறேன். மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்று, என் இடது தொடையைப் பார்த்ததும் நீங்கள் இருவரும் அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டீர்கள். அந்தக் கால் ஏன் அப்படி ஆனது, எப்படித் திரும்பி வந்தது என்பதை எழுதி வைக்கிறேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் இந்த ஒரு விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும். நாளைக்கு நம் லயத்து வீடுகளில் யாருக்காவது கால் முறிந்தால் இதைப் படித்துக் காட்டுங்கள்.

தோட்டத்தில் செம்பனைப் பழக் குலை வெட்டும்போது ஒன்று திசைமாறி என் இடது காலில், முழங்காலுக்குக் கீழே விழுந்தது. எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்டார்கள். கட்டுக்குள்ளேயே தொடையை இறுக்கி இறுக்கி விட வேண்டும், தினமும் பல தடவை, என்றார் டாக்டர். தலையாட்டினேன். செய்யவில்லை. முறிந்ததை அசைக்கக் கூடாது என்றுதான் நமக்குத் தெரியும்.

மூன்று மாதம் படுத்திருந்தேன். உங்கள் அம்மா ஆட்டுக்கால் சூப்பு வைத்தாள். நம் கோழி இட்ட முட்டையெல்லாம் எனக்கே வந்தது. நீங்கள் கேட்கவில்லை. நானும் உங்களுக்கு ஒன்றுகூட எடுத்து வைக்காமல் தின்றேன்.

கட்டின் மேல் விளிம்புக்கும் தொடைக்கும் நடுவே இடைவெளி விழுந்தது. முதலில் இரண்டு விரல் நுழைந்தது, பிறகு கையே நுழைந்தது. வீக்கம் வற்றுகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

கட்டைப் பிரித்ததும் எழுந்து நின்றேன். முட்டி மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எக்ஸ்ரே படத்தில் எலும்பு கூடியிருந்தது. அதைப் பிடித்து நிறுத்தச் சதைதான் இல்லை.

அடுத்த நாளே, எங்களை வேலை வாங்கும் மண்டோர் வீட்டுக்கு வந்தார்.

"என்னாப்பா, கொக்குக் காலாட்டம் ஆயிடுச்சே."

"வந்துரும் மண்டோரே."

"ரெண்டு மாசம் பாக்கலாம்னு தோட்டத்துத் துரை சொல்லிட்டாருலா. அதுக்கு மேல ஆளு போட்டுருவாங்க. வீடும் அந்த ஆளுக்குத்தான்."

தோட்டத்தில் வேலை செய்பவருக்குத்தான் லயத்து வீடு; நம் வீட்டில் தோட்டத்து வேலையில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி கொடுத்த நர்ஸ் மிஸ்ஸி தமிழ்ப் பெண். "கட்டுக்குள்ள தொடைய இறுக்குனீங்களாண்ணே?" என்று கேட்டார்.

"எலும்பு நகந்துரும்னு சும்மா இருந்துட்டேன் மிஸ்ஸி. சாப்பாட்டுக்குக் கொறையில்ல. சூப்பு, முட்டை..."

"அதெல்லாம் எங்க போச்சுன்னு தெரியுது," என்றார், என் வயிற்றைப் பார்த்து. பக்கத்தில் நின்ற உங்கள் அம்மா சிரித்துவிட்டாள்.

பிறகு விளக்கினார். எலும்புத் தசை (எலும்பைப் பிடித்து இழுக்கும் சதை) மெல்லிய நூல்களின் கட்டு. ஒவ்வொரு நூலுக்குள்ளும் தடித்த இழையும் மெல்லிய இழையும் மாறி மாறி இருக்கின்றன. இரண்டு கை விரல்களையும் கோத்து உள்ளே நகர்த்திப் பாருங்கள், அப்படித்தான் அவை ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும். தசை குறுகும். தசைநாண் (தசையை எலும்போடு கட்டும் கயிறு) எலும்பை இழுக்கும். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் முழங்காலை நீட்டத் தொடையின் முன்பக்கம் ஒன்று, மடக்கப் பின்பக்கம் ஒன்று. மூளையிலிருந்து நரம்பு வழியாகக் கட்டளை வராவிட்டால் நூல்கள் மெலியும். சோறு சதைக்குச் சாமான்தான். வேலை கொடுத்தால்தான் உடம்பு அதை எடுத்துக் கட்டும்.

"எலும்புக்குக் காத்திருக்கணும்ணே. சதைக்குக் காத்திருந்தா அது போயிரும்."

இதை மறக்காதீர்கள். நான் இரண்டுக்கும் ஒரே காலண்டரைப் பார்த்தேன்.

மறுநாள் முதல் முட்டைகள் உங்கள் தட்டுக்குத் திரும்பின. நான் முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தினேன். பிறகு காலை நீட்டித் தூக்கினேன். பிறகு மணல் பையைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு தூக்கினேன். முதல் இரண்டு வாரம் தொடை பருக்கவே இல்லை, ஆனால் பலம் வந்தது. மூளை முதலில் தூங்கும் நூல்களை எழுப்புமாம், பிறகுதான் அவை தடிக்குமாம். அப்புறம் வாசல்படி. ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். இறங்கும்போது அதே சதை நீண்டுகொண்டே நம்மைப் பிடித்து, மெல்ல விட வேண்டும். அது விட்டுவிட்டால் விழுவோம். நான் நாலு தடவை விழுந்தேன். நீங்கள் பள்ளியில் இருந்த நேரம்.

ஏழாம் வாரம் மண்டோரைத் தேடி நானே போனேன். ஒரு குலையைக் காட்டி, ரோட்டோரம் கொண்டுபோய் வை என்றார். தோளில் ஏற்றிப் போனேன். முட்டியை மெல்ல மடக்கி இறக்கினேன், போடவில்லை.

"கொக்கு பறந்துருச்சி," என்றார். "நாளைக்கிக் காலைல ஆளு எண்ணுற பெரட்டுல பேரு குடுத்துரு."

வீடு நமக்கே நின்றது.

முதல் நாள் வேலை முடிந்து எல்லாரும் லோரியில் ஏறிப் போனார்கள். நடந்து வருகிறேன் என்று நான் தங்கிவிட்டேன். வாய்க்காலின் குறுக்கே ஒரு பனை மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். முன்பெல்லாம் அதை ஓடிக் கடப்பேன், எந்தக் காலை முதலில் வைத்தேன் என்றுகூடத் தெரியாது. அன்று இடது காலை முதலில் வைத்தேன். தொடை இறுகியது தெரிந்தது. அடுத்த அடிக்கு அது விட்டுக்கொடுத்ததும் தெரிந்தது. வீட்டுக்கு வழி இக்கரையில்தான்; அக்கரையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. திரும்பி, மறுபடியும் கடந்தேன்.