வெள்ளவத்தையில் கிடைத்த ஓர் அறை

பல் கூசுகிறது என்றுதான் போனேன். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கும் பல் டொக்டர் ஒரு முஸ்லிம் பெண், என் வயதுதான் இருக்கும். வாய்க்குள் லைட்டைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு உதவிக்கு நின்ற நர்ஸை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார்.

"கோவிக்க வேணாம். சாப்பிட்டுட்டு வாந்தி எடுக்குறீங்களா?"

முன்பற்களின் பின்பக்கம் கரைந்திருந்ததாம்.

எனக்குக் கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையில் ஒரு லோயரின் ஒஃபிஸில் வேலை. பகலெல்லாம் பட்டினி கிடப்பேன். வீட்டுக்கு வந்ததும் அகப்பட்டதையெல்லாம் விழுங்கிவிட்டு, குளியலறைக் கதவைப் பூட்டிக்கொள்வேன். கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய பழக்கம். எனக்கு காஸ்ட்ரிக் என்று வீட்டுக்காரர் நம்பியிருந்தார். அதுவரை யாரும் நேராகக் கேட்டதில்லை. "ஓம், டொக்டர்" என்று சொல்லிவிட்டு அழுதேன்.

"இதுக்கு வைத்தியம் இருக்கு. கொஞ்சக் கிழமை கதைச்சே சுகமானவங்க இருக்காங்க," என்றார்.

பெரிய ஆஸ்பத்திரியில் பெயரைப் பதிந்தேன்; முறை வர மாதக்கணக்காகும் என்றார்கள். அங்கே சிங்களத்தில் கதைக்க வேண்டும். சிங்களத்தில் நான் மீன் வாங்குவேன், கோர்ட்டில் கதைப்பேன். இந்த வெட்கத்தைச் சொல்லத் தமிழ்தான் வேண்டியிருந்தது. டொக்டர் விசாரித்து, கொழும்பின் மறுகோடியில் கொட்டாஞ்சேனையில் ஒரு டிஸ்பென்சரிக்குச் சனிக்கிழமைகளில் வரும் கவுன்சிலரைக் கண்டுபிடித்துத் தந்தார். மலைநாட்டுப் பெண், என்னைவிட இளையவர்.

"இந்தக் கிழமை ஒன்னே ஒன்னு செய்ங்க அக்கா. பகல் சாப்பாட்ட விடாதீங்க. பட்டினியோட வீட்டுக்குப் போனா யாராலயும் அடக்க ஏலாது."

"உடம்பு வைச்சிடுமே, மிஸ்?"

"வாராவாரம் இங்கயே நிறுத்துப் பாப்போம்."

ஒஃபிஸில் சோற்றுப் பார்சலைத் திறந்தேன். பருப்பும் கத்தரிக்காயும். பாதிதான் இறங்கியது. ஆனால் அன்று பின்னேரம் தேத்தண்ணீரோடு நிறுத்த முடிந்தது.

இடையில் ஒரு கிழமை எல்லாம் பழையபடி போனது. வெட்கத்தில் அந்தச் சனிக்கிழமை போகாமல் இருந்துவிட்டேன். கவுன்சிலர் போன் எடுத்தார். "இப்பிடி நடந்தாத்தான் கட்டாயம் வரணும், அக்கா." போனேன். நான் பயந்ததுபோல எடை ஏறவில்லை. அன்றிரவு வீட்டுக்காரரிடமும் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை கூடவே பஸ் ஏறினார்.

ஆஸ்பத்திரியில் என் முறை வந்தபோது வைத்தியமே முடிந்திருந்தது.

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்திலிருந்து நிறையப் பேர் போன் எடுப்பதாகவும், தூரம் என்பதாலும் வீட்டில் சொல்லப் பயந்தும் வராமல் விடுவதாகவும் கவுன்சிலர் கடைசி நாளில் சொன்னார். பல் அடைக்கப் போனபோது டொக்டரிடம் கேட்டேன்.

"சனிக்கிழமை பின்னேரம் உங்கட கிளினிக் பூட்டித்தானே கிடக்குது?"

கவுன்சிலருக்கு அந்த அறையைத் தரலாமா என்று விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "நல்லதுதானே. பல்லுக்குப் போறேன்னு சொல்லிட்டு வரலாம்."

இப்போது கவுன்சிலர் அங்கேயும் வருகிறார். கதவு திறப்பது நான். போன கிழமை டியூஷன் பையோடு ஒரு பிள்ளையும் தாயும் படியடியில் தயங்கி நின்றார்கள்.

"உள்ளுக்குத் தமிழிலயோ கதைப்பினம்?" என்று தாய் கேட்டார்.

"ஓம், தமிழிலதான். வாங்கோ," என்றேன்.