கோடை முழுக்க இங்கேதான்

மொர்வென்னா உல்லாசப் படகுகளில் சமைக்க ஆரம்பித்த காலத்தில், ஆங்கிலேயப் பெண்ணொருத்தி ஐரோப்பியத் துறைமுகமான பால்மாவில் எத்தனை நாள் இருக்கிறாள் என்று எவனும் எண்ணவில்லை. அப்போதுதான் அந்த ஊரில் படகுப் பாய் தைக்கும் பியெலோடு சேர்ந்து வாழத் தொடங்கினாள். கல்யாணம் கட்டிக்கொள்ள இருவருக்குமே சோம்பல். பிறகு அவள் நாடு ஐரோப்பாவோடு அறுத்துக்கொண்டு போனது. அரை வருஷத்துக்குத் தொண்ணூறு நாள்தான் அவள் அங்கே தங்கலாம் என்றாகிவிட்டது. பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்று இருவருக்கும் புத்தி வந்த நேரத்தில் பியெலுக்கு ஞாபகம் நழுவத் தொடங்கியிருந்தது. தன் பெயரையே கேட்டு எழுதுகிறவனுக்கு யார் கல்யாணம் செய்துவைப்பார்கள்?

இப்போது அவன் மலைக்கு அந்தப் பக்கம், சோயெரில், முதியோர் இல்லத்தில் இருக்கிறான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் காசு சேர்ப்பவர்கள் உண்டு. இவள் நாள் சேர்த்தாள். வசந்தத்தில் அவனைச் சில நாள் பார்த்துவிட்டுப் படகேறினாள். அந்தத் தொண்ணூறு நாள் கணக்கில் சேராத மாண்டினீக்ரோ, துருக்கி என்று கோடை முழுக்க அடுப்படியில் வெந்தாள். மற்றவர்கள் கரையில் குடித்துச் சிரிக்கையில் அறையில் தனியாகப் படுத்துக் கிடந்தாள். குளிர்காலம் மொத்தமும் பியெலுக்கு. அவன் தன்னை மறப்பதற்குள். வேறு ஆசை இல்லை.

படகு பால்மாவுக்குத் திரும்பியதும் பெட்டியோடு எல்லைக் காவல் கூண்டுக்குப் போனாள். கண்ணாடியில் விரல் வைத்தாள். திரையைப் பார்த்த பெண் அதிகாரி உதட்டைப் பிதுக்கினாள்.

"நீங்க இன்னும் வெளியிலயே போகலையே, செனோரா. ஏப்ரல்ல உள்ள வந்திருக்கீங்க. அப்புறம் கோடை முழுக்க இங்கதான் இருந்திருக்கீங்க. தொண்ணூறு நாள் எப்பவோ தாண்டிடுச்சு."

"நானா? மூஞ்சியப் பாருங்க, கடல் வெயில்ல எப்படித் தோல் உரிஞ்சிருக்குன்னு!"

"வெயில் இங்கயும்தான் அடிக்குது."

கூட வந்த கேப்டன் இன்னிஸுக்கு முகம் செத்துவிட்டது. எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் பையில் போட்டு ஏஜென்ட்டிடம் கொடுத்தால், முத்திரை குத்தித் திரும்பி வரும்; காலங்காலமாகப் படகுக்காரர்கள் வழக்கம் அது. முதலாளி அவசரப்படுத்தவும், வசந்தத்தில் வெளியேறும்போதும் அப்படியே செய்துவிட்டுக் கிளம்பியிருந்தார். முத்திரைக்குப் பதிலாக இப்போது வந்திருக்கும் இயந்திரத்துக்கோ ஆள் நேரில் வரவேண்டும், முகம் காட்டவேண்டும்.

"இது பொய்!" என்று மொர்வென்னா கத்தினாள். "அந்தப் பொட்டி பொய் சொல்லுது! கோடையில ஒருநாள்கூட இங்க இல்ல நான்!"

அதிகாரி கோபிக்கவில்லை. "துறைமுக ரசீது, ஆள் பட்டியல் எல்லாம் அனுப்புங்க, திருத்திடுவாங்க. ஆனா வாரக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் இறங்க விடமுடியாது."

மற்ற ஆட்களுக்கு இதில் திட்டோடு போயிற்று. அவர்கள் படகோடு கரீபியனுக்குப் போகிறவர்கள். இறங்க இருந்தவள் இவள் ஒருத்திதான். படகு மறுநாள் காலையில் கிளம்புகிறது. திரும்பி வர வசந்தமாகிவிடும்.

"எம்மேலதான் தப்பு, மொர்," என்றார் இன்னிஸ்.

"ஆமா, உம்மேலதான்," என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகுக்குத் திரும்பினாள். சமையலறை ஜன்னலில் அந்த மலை தெரிந்தது. அந்தப் பக்கம் போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. வரமுடியவில்லை என்று சொல்லவாவது வேண்டுமே என்று இல்லத்துக்குப் போன் போட்டாள்.

"இருங்க, குடுக்கிறேன்," என்றாள் அங்கே வேலை பார்க்கும் அந்தோனியா. "உங்க பேச்சுதான் எப்பவும். ஞாயித்துக்கிழமை தவறாம நீங்க பாதாம் கேக்கோட வர்றீங்களாம். யாராவது இல்லன்னு சொல்லிட்டா சண்டைக்கு வந்துடறாரு."

"மொர்?" என்றது அவன் குரல்.

"நான்தான்டா."

"இந்த அந்தோனியாவுக்குப் பைத்தியம். நீ வரவே இல்லைங்கிறா. சொல்லு அவகிட்ட, கோடை முழுக்க நீ இங்கதானே இருந்தே?"

கொஞ்ச நேரத்துக்கு முன் எந்தப் பொய்யை எதிர்த்துத் தொண்டை கிழியக் கத்தினாளோ, அதே பொய்.

"ஆமாண்டா," என்றாள் மொர்வென்னா. "கோடை முழுக்க இங்கதான் இருந்தேன்."