சூடான வால்வு

என்னுடைய ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபையரில் இருப்பது ஒரே ஒரு வால்வு. பழைய ரேடியோப் பெட்டிக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிருமே, அந்தக் கண்ணாடிக் குழாய்தான். ஒரு ஞாயிறு காலை லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் அதே வகையில் இன்னொன்று கிடைத்தது. இரண்டில் எது நல்லது என்று முடிவு செய்தாக வேண்டும்.

பத்து காவான் என்ற ஊரில் உள்ள ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை என் வேலை. பொருளின் பெயரைப் பார்த்து மதிப்பெண் போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதனால் நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, வால்வை மாற்றும் வேலையை மனைவியிடம் கொடுத்தேன். ஒரு பாட்டைக் கேட்டேன். பிறகு அவள் "மாத்தியாச்சு" என்றதும் அதையே மறுபடி கேட்டேன்.

என்ன வித்தியாசம்! முதல் தடவை நாதஸ்வரம் சற்று வறண்டிருந்தது. இரண்டாம் தடவை தேனாகக் குழைந்தது. தவிலில் விழும் விரல்கூடத் தனித்தனியாகக் கேட்டது. ஒரு பக்கம் நிறைய எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

திரும்பிப் பார்த்தால், சந்தை வால்வு, கடைக்காரர் அதைச் சுற்றித் தந்த சீன நாளிதழை விட்டு வெளியே வரவே இல்லை.

"பழசு நெருப்பா கொதிக்குது, எப்படிக் கழட்டறது? நீங்க வேற அவசரப்படுத்துனீங்க. சும்மா சொல்லிட்டேன்லா," என்றாள்.

கோபத்தோடு வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. கையெழுத்திட்ட அறிக்கையைத் திருத்தக்கூடாது என்பது தொழிற்சாலையில் நானே பிடிவாதமாகக் காக்கும் விதி. ஆகவே நான் எதையும் திருத்தவில்லை. சந்தை வால்வு இன்னும் அந்த நாளிதழுக்குள்தான் இருக்கிறது. என் அறிக்கையின்படி, அதில் நாதஸ்வரம் பிரமாதமாகக் கேட்கும்.