மருந்துக்குப் பின் ஒரு மடக்கு

கலவானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஏழு வருடம் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டேன். கொழுந்தெடுக்கப் போகும் அம்மாமார் காலையில் குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பிள்ளைகளைத் திட்டமாட்டேன், அதற்கும் சேர்த்து அம்மாமார் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

அவர்களில் ஒருத்தியின் மகளுக்கு ஒன்றரை வயது. வைத்த இடத்தில் இருப்பாள். அழமாட்டாள், அடம்பிடிக்கமாட்டாள். தங்கமான பிள்ளை என்று எல்லோரிடமும் சொல்லுவேன். பத்துப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு அப்படி ஒன்று கிடைத்தால் சந்தோஷம்தானே. அவள் சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றபோதுகூட, வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன்.

மாதம் ஒருமுறை வரும் சிங்கள மிட்வைஃப் மிஸ் அவளுடைய கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே வெளிறிக் கிடந்தது. “லே மதி” என்றார். ரத்தம் போதாது. கிளினிக்கில் சோதித்துவிட்டு இரும்புச்சத்துப் பாணி மருந்து கொடுத்தார்கள். இதிலும் ரத்தம் ஏறாவிட்டால் இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் சேர்க்கவேண்டி வரும் என்றும் சொல்லியனுப்பினார்கள்.

“நான் விடிய எந்திரிச்சு ஓடுறேன் அக்கா, நீங்களே குடுத்துருங்க,” என்று அம்மாக்காரி போத்தலை என்னிடம் தந்தாள். ஒருநாள் தவறாமல் கொடுத்தேன். மருந்து துருப்பிடித்த ஆணி மாதிரி நாறும். பிள்ளை முகத்தைச் சுளிக்கும். உடனே பால் விடாமல் சீனி மட்டும் போட்ட பிளேன்டி ஒரு மடக்கு. தோட்டத்தில் பிள்ளைக்குத் தேத்தண்ணி கொடுப்பது ஒரு விஷயமே இல்லை. பல் முளைத்தும் முளைக்காமலும் அதில் ரொட்டியை நனைத்துத் தின்றுதான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம்.

இரண்டு மாதம் கழித்துச் சோதித்தார்கள். ரத்தம் ஏறவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. மற்ற அம்மாமாருக்கு முன்னாலேயே அம்மாக்காரியைப் பிடித்துக்கொண்டேன். “வீட்டுல புள்ளைக்கு என்னத்தத்தான் குடுக்குற? வெறுஞ்சோறா?” அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற மிஸ், மருந்துக்குப் பிறகு என்ன கொடுக்கிறீர்கள் என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். பெருமையாகவே சொன்னேன். அவர் முகம் மாறியது. தேயிலைச் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, இந்த வயதுப் பிள்ளைக்குத் தேத்தண்ணியே கூடாது என்றார். அந்த அம்மாக்காரிக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும்.

கூனிக்குறுகிப் போனேன். “பரவாயில்ல அக்கா, தெரிஞ்சா செஞ்சீங்க,” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாளும் பிள்ளையை என்னிடம்தான் விட்டாள். விட வேறு இடம் ஏது? தேத்தண்ணியை நிறுத்தி, மிஸ் சொன்னபடி தேசிக்காய் பிழிந்த தண்ணியோடு மருந்தைக் கொடுத்தேன். அடுத்த சோதனையில் ரத்தம் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை. அம்மாக்காரி சோதனைத் துண்டை என்னிடம் காட்டிச் சிரித்தாள். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

இரண்டு வருடம் கழித்து அவளுக்கு ஒரு மகன் பிறந்தான். பிரசவ லீவு முடிந்தும் அவள் வேலைக்கு வரவில்லை. அவளுடைய லயத்து வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்டேன்.

“இவன் கொஞ்சம் பெருசாகட்டும் அக்கா. அதுவரைக்கும் நானே பாத்துக்கிறேன்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் செய்தது சரி என்று தெரிந்தும், திரும்பும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன்.