சம்பந்தியும் நானும் ஒளிந்து போன ஆஸ்பத்திரி

போன வருஷம் ஆடி மாதம். சிவகாசியில் ஓர் அச்சகத்தின் பைண்டிங் பிரிவில் மேற்பார்வை வேலை எனக்கு. காலண்டர் சீசன் அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. ஆவணியில் என் ஒரே மகளுக்குக் கல்யாணம் வேறு. இதற்கு நடுவில், சில மாதங்களாக எனக்கு மாதவிலக்கு வரவே இல்லை.

வயது நாற்பத்தேழு. நின்று போயிருக்கும் என்று நினைக்க வேண்டியதுதானே என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலையில் தலை சுற்றியது. திடீரென்று நெஞ்சிலிருந்து முகம் வரை அனல் ஏறும். ஃபேனுக்கு நேர் கீழே நின்றாலும் ஜாக்கெட் நனைந்துவிடும். ஒருவேளை முழுகாமல் இருக்கிறேனோ? மகள் கழுத்தில் தாலி ஏறும்போது அம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால் ஊர் என்ன பேசும்! வீட்டுக்காரரிடம்கூட நான் மூச்சு விடவில்லை.

கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம். காலண்டருக்குத் தகரம் அடிக்கிற மிஷின் நின்றுபோனால் கண் கலங்கும். அந்தச் சமயம் பார்த்துத்தான் ஆலங்குளத்திலிருந்து சம்பந்தியம்மா போன் செய்தார். முகூர்த்தப் புடவை எந்தக் கலர் என்று பேச்சு வந்தது.

"எங்க குடும்பத்துல அரக்குதான் கெட்டுவாக."

"கெட்டப்போறது எம் மக. மாம்பழ மஞ்சள்தான் அவளுக்கு எடுப்பா இருக்கும்" என்று வெடித்தேன்.

பட்டென்று போனை வைத்துவிட்டார். அதன்பின் அங்கிருந்து பேச்சே இல்லை. மகள் முகம் வாடிப்போனது. கல்யாணமே நின்றுவிடுமோ என்று வீட்டுக்காரர் பயந்தார்.

சிவகாசியில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எங்கள் கம்பெனி ஆள் ஒருவராவது இருப்பார். அதனால் சீர்ப் பாத்திரம் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு விருதுநகருக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு பெண் டாக்டரின் சின்ன ஆஸ்பத்திரி. உள்ளே நுழைந்தால், ஜன்னலோரம் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பது சாட்சாத் என் சம்பந்தியம்மா!

இருவரும் திருதிருவென்று விழித்தோம்.

"என்ன மதினி, இங்கன இருக்கீக?" என்றேன்.

"எங்க சின்னம்மாவுக்கு மருந்து வாங்க வந்தேன். நீங்க?"

"நானும் எங்க சின்னம்மாவுக்குத்தான்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் அவரைப் பார்த்து, "ஏம்மா, கடைசியா தலைக்கு ஊத்துனது எந்த மாசம்?" என்று சத்தமாகக் கேட்டார். சம்பந்தியம்மா முகம் சிவந்தது. அதே கணம் எனக்கு அனல் ஏறியது. நான் கழுத்தைத் துடைப்பதை அவர் உற்றுப் பார்த்தார்.

"ஒங்களுக்கும் இந்த வேக்காடு இருக்கா மதினி?"

தலையாட்டினேன்.

"தூக்கம்?"

"எங்க வருது? சும்மா சும்மா அழுகைதான் வருது."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. என் பயத்தை அவர் காதில் சொன்னேன். வாயைப் பொத்திக்கொண்டார். "ஏத்தா! நானும் அதுக்குப் பயந்துதான ஓடி வந்திருக்கேன்!"

சம்பந்திகள் என்று சொல்லிக்கொண்டு இருவரும் சேர்ந்தே உள்ளே போனோம். பரிசோதனை முடிந்தது. இருவருக்குமே கர்ப்பம் இல்லை. சினைப்பை ஓய்வுக்குத் தயாராகிறது என்றார் டாக்டர். இந்தக் காலத்தில் ஒரு மாதம் முட்டை வரும், ஒரு மாதம் வராது. ஹார்மோன் தாறுமாறாக ஏறி இறங்கும். உடம்புச் சூட்டைக் கவனிக்கிற மூளை குழம்பி, இல்லாத சூட்டுக்கெல்லாம் வியர்க்க வைக்கும். தூக்கமும் கெடும், மனசும் ஆடும். ஒரு வருஷம் முழுக்க மாதவிலக்கு வராமல் இருந்தால்தான் நின்றதாகக் கணக்கு. அதுவரை கர்ப்பமாகவும் வாய்ப்பு உண்டு, கவனம் வேண்டும். அப்படி நின்ற பிறகு ரத்தம் பட்டால் உடனே வந்து காட்ட வேண்டும்.

சம்பந்தியம்மா மெல்லக் கேட்டார். "டாக்டரம்மா, புடவைக் கலருக்குச் சண்டை போடுறதும் இதனாலதானா?"

"பாதி இதனால. மீதி நீங்க சம்பந்தி ஆனதனால."

நாங்கள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

விருதுநகர் வந்துவிட்டு எண்ணெய் பரோட்டா சாப்பிடாமல் போவதா என்று அவரே என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போனார். பரோட்டா வருவதற்குள் என் மகளுக்குப் போன் போட்டார். "தாயி, ஒனக்கு என்ன கலரு வேணும்த்தா?"

"கிளிப்பச்சை அத்தை" என்றாள், கேட்பதற்காகவே காத்திருந்தவள் போல. அவருடைய அரக்குமில்லை, என் மஞ்சளுமில்லை! கிளிப்பச்சையில் அவள் மணமேடையில் ஜொலித்தாள்.

மறுவாரம் டீ நேரத்தில் பைண்டிங் பெண்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கும்க்கா", "எனக்கும் மதினி" என்று ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். மாதவிலக்கு முதலில் வந்தபோது சொல்லித்தர வீடு நிறைய ஆள் இருந்தார்கள். அது விடைபெறும் நேரத்தில் எதையும் யாரும் சொல்லவில்லை என்ற குறை எனக்கு உண்டு என்றாலும், அதைத் தெரிந்துகொள்ள ஒளிந்து போன இடத்தில் இந்த வயதிலும் ஓர் உயிர்த்தோழி கிடைத்தாரே என்று நினைக்கும்போதெல்லாம் மனசு குளிர்ந்துபோகிறது.