வாடகை ஸ்வெட்டர்

"அந்தப் பெண்மணியை எனக்கு நேரில் தெரியாது" என்று நான் ஏன் சொன்னேன்?

சுயதொழில் தொடங்க விரும்பும் பெண்களுக்குப் பயிற்சி அளிப்பது என் வேலை. சென்ற மழைக்காலத்தில் மாரமங்கலத்தில் நடந்த வகுப்பில் ஒரு தொழிலை உதாரணமாக விளக்கினேன். சேலத்து வெயிலில் பைக்கில் கிளம்பி, மெல்லிய சட்டையோடு ஏற்காடு வந்து நடுங்கும் இளைஞர்களுக்கு ஏரிக்கரையில் ஒரு பெண் ஸ்வெட்டரை வாடகைக்குத் தருகிறார். முன்பணம் கேட்பதில்லை, ஹெல்மெட்டை வாங்கி வைத்துக்கொள்கிறார். ஹெல்மெட் இல்லாமல் அடிவாரச் செக்போஸ்ட்டைத் தாண்ட யாருக்கும் துணிவு வராது என்பதால், ஸ்வெட்டர் தவறாமல் திரும்பி வந்துவிடும்.

எல்லோரும் சிரித்தார்கள். கிளியூரிலிருந்து வந்திருந்த எஸ்டேட் தொழிலாளி ஒருவர் மட்டும் எழுந்து நின்றார். "அவங்களப் பார்க்கணுமுங்க மேடம். யாருங்க அது?"

என் மேலதிகாரி பின்வரிசையில் அமர்ந்திருந்தார். அம்மா ஜவுளி வியாபாரம் செய்வதாக அவரிடம் சொல்லி வைத்திருந்தேன். பழைய துணிச் சந்தையில் பொறுக்கியெடுத்த, யார் யாரோ உடுத்திக் கழித்த ஸ்வெட்டர்கள்தாம் அந்த ஜவுளி என்பதையோ, அவைதாம் என்னைப் பட்டம் வரை படிக்கவைத்தன என்பதையோ சொல்லவில்லை. தெரியாது என்றேன். எழுந்து நின்றவருக்கு அதனால் ஒரு பிழைப்பே நழுவிப் போகலாம் என்று எண்ணிப் பார்க்கவும் இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அம்மாவின் கடையில் ஸ்வெட்டர்களை மடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கிளியூர்ப் பெண் விசாரித்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஏனுங்க மேடம், நீங்க இங்க?"

"எம் பொண்ணுதானுங்க," என்றார் அம்மா. "இவள எப்படித் தெரியும்?"

"மாரமங்கலத்துல எங்களுக்குப் பாடம் எடுத்தாங்கக்கா. உங்க கடையப் பத்தித்தான்."

அம்மா கையிலிருந்த ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். "என்னப் பத்தியா? என்ன சொன்னா?"

கிளியூர்ப் பெண் என்னைப் பார்த்தார். நான் தலை நிமிரவில்லை.

"எங்கம்மா, எங்கம்மான்னு நொம்பப் பெருமையாச் சொன்னாங்க."

அம்மா உடனே ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ வரவழைத்தார். கிளியூர் அருவியில் நனைந்து நிற்பவர்களுக்குத் துண்டும் லுங்கியும் வாடகைக்கு விடுவது கிளியூர்ப் பெண்ணின் எண்ணம். ஆனால் அருவிக்குப் படியிறங்கி வருபவர்களின் ஹெல்மெட் மேலே பைக்கிலேயே தங்கிவிடுமே, எதை வாங்கி வைப்பது?

"ஒத்தச் செருப்ப வாங்கி வெச்சுக்க சாமி. ஒரு கால் செருப்போட அத்தனை படி எவன் ஏறுவான்?"

"ஓடுனாலும் நொண்டிக்கிட்டுத்தான் ஓடுவானுங்கக்கா!"

இருவரும் சிரித்து ஓய நெடுநேரமாயிற்று. என்னைக் காப்பாற்ற அந்தப் பெண் சொன்ன ஒரு பொய்யை நம்பி அம்மா அவ்வளவு மகிழ்ந்ததைப் பார்க்க எனக்குக் கூசியது.

கடையடைத்ததும் நடந்ததைச் சொன்னேன். அம்மா மூட்டையைக் கட்டி முடித்தபின், "செரி, ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

இப்போது எல்லா வகுப்பையும் 'என் அம்மா' என்றே தொடங்குகிறேன். வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் "இன்னைக்கு எந்த ஊர்ல பாடம் கண்ணு?" என்று கேட்டுவந்த அம்மா, அதன்பிறகு கேட்பதில்லை.